வாசல் வேப்பிலையும் ஐந்தாம் வார்த்தையும்

மார்ச் 23, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. ஜாகை மாடி அறையில். தகரக் கூரை. மோட்டார்க் காயில் கட்டும் செம்புக் கம்பிச் சுருள்கள், எரிந்துபோன போர்வெல் மோட்டார் இரண்டு, நான்.

சின்னம்மை. இந்த வயதில். சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர் இரண்டடி பின்னால் போனார். இவ்வளவு பெரிய முத்துகளைத் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை என்றார். கூட இருந்த என் சம்சாரம் எஸ்தர், "தண்ணி நெறையாக் குடிங்கன்னு மட்டுந்தானுங்க சொன்னாரு" என்கிறாள். அவளுக்குக் காது மந்தம்.

கடைசிப் பொருக்கு உதிர்கிறவரை கீழே இறங்கக் கூடாது. எஸ்தருக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, அதனால் அவள் மேலே வரக் கூடாது. சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கரண்டியால் தட்டைத் தட்டிவிட்டுப் போகிறாள். ஜெயிலில்கூட முகம் பார்த்துக் கொடுப்பார்கள்.

என் கோபம் அம்மை மேல் இல்லை. பெரிய வெள்ளி மேல். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் சபையார் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாகத் தியானித்துப் பேசுவது. போன வருஷம் எனக்கு இரண்டாம் வார்த்தை. நான் பேசிய பேச்சில் ஜனம் அழுத அழுகையில் ஆறாம் வார்த்தைக்கும் ஏழாம் வார்த்தைக்கும் நேரமே இல்லாமல் போய்விட்டது. இந்த வருஷம் நாலாம் வார்த்தை கேட்டேன். ஆண்டவர் பிதாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வார்த்தை. எனக்கென்றே செய்தது. கொடுத்தது ஐந்தாவது, 'தாகமாயிருக்கிறேன்' என்கிற வார்த்தை. தாகம். சபைச் செயலாளர் கிருபாகரன் (இனி கி.) கமிட்டியில் சொன்னானாம்: "மோட்டார்க்காரருதானே, தண்ணியப் பத்திப் பேசட்டுங்க." எல்லாரும் சிரித்தார்களாம்.

சிரிக்கட்டும். சிங்காநல்லூரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் ஏறுவது இந்தக் கையால். இந்தக் கை இதுவரை எவனிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நீண்டதில்லை.

மத்தியானம் போதகர் போன் செய்தார். "தனிமைங்கிறது கர்த்தர் நடத்துற பள்ளிக்கூடம் ஜெயராஜ். கத்துக்கிறதை எழுதி வையுங்க. பெரிய வெள்ளிக்குள்ள எந்திரிச்சு வந்துருவீங்க."

எழுதுகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், கணக்குப் பார்த்தால் ஒன்பதாவது.

பாடம்: தகரக் கூரைக்குக் கீழே ஜெபம் சுருக்கமாக வரும்.

மார்ச் 24, செவ்வாய்

அரிப்பு. அரிப்பு. கலமைன் லோஷன் காலி.

ஒருத்தர் வரவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தால்கூடப் போதும், கைப்பிடிச் சுவர் வழியாகப் பதில் சொல்வேன். இந்தச் சபையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் போய் நிற்பவன் யார்? கி.க்கு மூல ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை ஓட வைத்தவன் யார்? நான் இல்லையென்றால் டாக்டர் இருட்டில் தடவிப் பார்த்துத்தான் அறுத்திருப்பார். அந்த நன்றி இருக்கிறதா அவன் பின்பக்கத்துக்கு?

பாடம் இரண்டு: ஐக்கியம் என்பது காபி கொடுக்கிற வீட்டில் கூடுவது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மயிலாத்தாக்கா தன் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிற வீடு. வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, தூரமாக நின்று.

"ஏனுங்க தம்பி, ரொம்பப் பொங்குதுங்களா?"

"வயிறு பொங்குதுங்க்கா. ஒருத்தன் எட்டிப் பாக்கலை."

"அய்யோ, கோவப்படாதீங்க. ஆத்தா வந்திருக்கற ஊட்டுல சத்தம் போடக் கூடாதுங்க. கோவப்பட்டா முத்து எறங்காது."

"ஆத்தாளும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. இது வைரஸுங்க."

"சரி, அந்த வைரஸுக்கும் கோவம் ஆகாதுங்க."

சந்துக்குள் இறங்கி வந்து, நான் விட்ட கயிற்றில் வாளியைக் கட்டி அனுப்பியது. உள்ளே கொழுந்து வேப்பிலை ஒரு கட்டு, இளநீர் ஒன்று. வேப்பிலையால் முதுகைத் தடவினேன். இருபது வருஷத்தில் எந்தப் பிரசங்கமும் கொடுக்காத ஆறுதல். வேப்ப மரத்தை உண்டாக்கினவர் யார், நம் ஆண்டவர்தானே.

மார்ச் 26, வியாழன்

மேகம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

பதினோரு மணிக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் குடைகள். மேலேயிருந்து குடை மட்டும்தான் தெரிந்தது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம். பூப்போட்ட குடை கி.யின் சம்சாரத்துடையது. ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அவசரமாகச் சட்டை போட்டேன். இருமினேன். குடைகள் கேட்டுக்கு முன்னால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஏதோ குசுகுசு. அப்புறம் வந்த வழியே திரும்பின. ஹார்லிக்ஸும் திரும்பிப் போனது.

எஸ்தரைப் படிக்கட்டு வழியாகக் கேட்டேன்.

"வந்தவங்க ஏன் போயிட்டாங்க?"

"தெரியலீங்க. ஒட்டிக்கும்னு பயமா இருக்கும்."

குரல் சரியில்லை. ஏதோ மறைக்கிறாள். கேட்டால் அடுப்பில் பால் என்று உள்ளே போய்விட்டாள்.

போட்ட சட்டையைக் கழற்றி எறிந்தேன். கோபத்தில்தான். குஷ்டரோகியைத் தொட்டவரைப் பற்றிப் பாட்டுப் பாடுகிற கூட்டம், கேட்டைத் தொடப் பயந்து ஓடுகிறது. நான் இவர்களுக்கு ஐந்தாம் வார்த்தையில் வைத்திருக்கிறேன். எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 28, சனி

பிரசங்கம் தயார். தொண்டாமுத்தூர்த் தோப்பில் நான் போர்வெல் மோட்டார் இறக்கியபோது மலையிலிருந்து இறங்கிய ஒற்றை யானை. எல்லாரும் ஓடினார்கள், நான் நின்றேன். அதற்குத் தாகம் என்று கண்ணிலேயே தெரிந்தது. குழாயைத் திருப்பிவிட்டேன். குடித்துவிட்டு எனக்கு முன்னால் மண்டி போட்டது.

கூரை அதிரச் சொல்லிப் பார்த்தேன். கீழேயிருந்து எஸ்தர்:

"போன தடவை சொல்றப்ப யானை திரும்பிப் போயிருச்சுன்னீங்க. இப்ப மண்டி போடுதுங்களா?"

"திரும்பிப் போறதுக்கு முன்னாடி போட்டுச்சு."

"எங்க அண்ணன் அது பன்னின்னு சொன்னாரு."

அவள் அண்ணன் அன்றைக்கு முதலில் ஓடினவன். ஓடுகிறவனுக்கு என்ன தெரியும்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

குருத்தோலைப் பவனி ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீதி வழியாக வரும். எங்கள் கேட்டில் நிற்கும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், என் செலவில் அண்டா நிறைய நன்னாரி சர்பத். இந்த வருஷம் சர்பத் இல்லாவிட்டாலும் பாட்டாவது உண்டு என்று ஏழு மணியிலிருந்து சுவரோரம் நின்றேன். உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தது. அரிப்புக்கு அதைவிட்டால் வேறு கதி இல்லை. வேட்டி மட்டும்.

ஓசன்னா பாடிக்கொண்டு எங்கள் வீதிக்குள் திரும்பினார்கள். முன்னால் சிலுவை, போதகர், கி. கையில் மைக். எல்லார் கையிலும் ஓலை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் ஆட்ட வேண்டும். ஓலைக்கு எங்கே போவேன்? கையில் இருந்தது வேப்பங்கொத்து. அதைத் தூக்கி ஆட்டினேன். பெரிய குரலில் ஓசன்னா என்றேன்.

முன்வரிசை நின்றது. பாட்டு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. போதகர் என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மைக் ஆனில் இருந்ததை மறந்து கி. சொன்னது வீதி முழுக்கக் கேட்டது: "பாத்தீங்களா ஐயா, நாஞ் சொன்னனல்லொ."

அப்படியே கடந்து போய்விட்டார்கள். எங்கள் கேட்டைத் தாண்டி ஐந்தாறு வீடு போன பிறகுதான் மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

வீதியில் கிடந்த ஒரு ஓலையை மயிலாத்தாக்காவின் கன்றுக்குட்டி தின்றது.

மார்ச் 30, திங்கள்

கி. போன்.

"அண்ணா, கமிட்டி கூடுச்சுங்க. மனசு கஷ்டமாத்தான் இருக்குதுங்க."

"என்ன கஷ்டம்?"

"கேட்டுல வேப்பிலை கட்டியிருக்குதுங்க. மாடியில வேப்பிலை ஆடுதுங்க. மஞ்ச வேற. சபை என்னன்னு நெனைக்கும்? ஜெயராஜண்ணன் அம்மனுக்கு நேந்துட்டாருன்னு சின்னப் புள்ளைங்க கூடப் பேசுதுங்க."

"எந்தக் கேட்டுல?"

"உங்க கேட்டுலதானுங்ணா. ஒரு வாரமாத் தொங்குதே. எங்க ஊட்டுக்காரி அதைப் பாத்துட்டுத்தான் திரும்பிட்டா."

எனக்குத் தெரியவே தெரியாது. மேலேயிருந்து கேட்டின் உள்பக்கம்தான் தெரியும், வெளிப்பக்கம் தெரியாது.

கமிட்டியின் தீர்மானம்: வியாழன் சாயங்காலத்துக்குள் வேப்பிலையை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்தால் வெள்ளிக்கிழமை போனை மைக்கில் பிடித்து என்னை ஐந்தாம் வார்த்தை பேச வைப்பார்கள். அவிழ்க்காவிட்டால் கி. பேசுவான்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

"யார் கட்டுனது?"

"மயிலாத்தாக்காதானுங்க. அம்மை போட்ட ஊடுன்னு போறவங்க வாரவங்களுக்குத் தெரியணுமாம். கட்டறது அவங்க வழக்கமுங்க."

"ஒரு வாரமாச் சொல்லலை நீ."

"சொன்னா அந்த நிமிஷமே பிச்செறிவீங்க. அவங்க மருமவளுக்கு இது ஏழாம் மாசமுங்க, பாதியில அவுத்தா அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு பயப்படறாங்க. எனக்கு மனசு வரலைங்க."

இரண்டு படி இறங்கினேன். அவள் வழியை மறித்து நின்றாள். ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் நின்றாள். நான் ஏறிவிட்டேன்.

பாடம் எத்தனையாவது என்று மறந்துவிட்டது: பள்ளிக்கூடத்தில் எனக்கு மட்டும் கேள்வித்தாள் காட்டவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மயிலாத்தாக்காவிடம் நேரில் பேசிவிடுவது என்று சுவரோரம் போனேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அக்கா, கேட்டுல இருக்கறதை எடுத்துருங்க. எங்க சபையில தப்பா நெனைக்கறாங்க."

"இன்னும் மொத தண்ணியே ஊத்தலைங்களே தம்பி."

அவர்கள் வழக்கம். பொருக்கு காய்ந்ததும் மஞ்சள், வேப்பிலை போட்ட தண்ணீரில் நாள் விட்டு நாள் மூன்று தடவை குளிக்க வைப்பார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வாசல் வேப்பிலை இறங்கும்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லைங்க. நான் ஒரே தேவனைக் கும்பிடறவன்."

"கும்பிடுங்க. நீங்க உங்க சாமிகிட்டக் கேளுங்க, நான் எங்க ஆத்தாகிட்டக் கேக்கறேன். ரெண்டு பேரும் வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

"அதில்லைங்க. வேதத்துல என்ன சொல்லுதுன்னா..." என்று அரை மணி நேரம் விளக்கினேன். எபிரெய மொழியில் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகளையும் சொன்னேன். நின்று கேட்டது. கடைசியில்:

"முந்தா நாளுக்கு முந்துன நாள் ஒரு யானை கதை சொல்லிட்டு இருந்தீங்களே. மருமவளும் நானும் இங்கிருந்து கேட்டோமுங்க. யானை அப்பறம் என்னாச்சு?"

"மண்டி போட்டுச்சு."

"போடுமுங்க. தண்ணி குடுத்தாப் போடுமுங்க." அப்புறம் குரல் இறங்கியது. "தம்பி, எடுத்துத்தான் ஆகணும்னா நீங்களே எடுத்துக்கங்க. உங்க கேட்டு. என் கையால எடுக்க மாட்டேனுங்க. வயித்துப்புள்ளக்காரியை வெச்சுக்கிட்டு எடுக்க மாட்டேன்."

வாளியில் இளநீர் அனுப்பியது. கோபத்தில் குடிக்காமல் வைத்தேன். அப்புறம் குடித்தேன்.

ஏப்ரல் 1, புதன்

ஒரு விஷயம் இன்றைக்குத்தான் உறைத்தது. என் மூக்கு பிரசித்தம். எரிந்த காயிலை முகர்ந்தே எந்தக் கம்பெனி மோட்டார் என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்குக்கு இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையே வரவில்லை. மயிலாத்தாக்கா வீட்டில் தினமும் கடுகு வெடிக்கும், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி கொதிக்கும். ஒன்றும் இல்லை.

எஸ்தர் படியில் தட்டை வைத்தபோது கேட்டேன்.

"அவங்க தாளிக்கறதே இல்லீங்க. கறி எடுக்கறதில்லை. அம்மை போட்ட ஊட்டுக்குப் பக்கத்துல தாளிச்சா உங்களுக்கு எரியுமாம். வெறும் ரசம், மோருதான் அந்த ஊட்டுல எல்லாருக்கும்."

"மாசமா இருக்கற புள்ளைக்குமா?"

"ஆமாங்க. அது மட்டுமில்லீங்க. நேத்து அந்தப் புள்ளைக்கு வளைகாப்பு வெச்சிருந்தாங்க. சந்துல அம்மை இருக்கறப்ப சொந்தக்காரங்களைக் கூப்பிட முடியாதுன்னு தள்ளிப் போட்டுட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க."

நேற்று. நான் எபிரெயம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இருந்தாலும் வந்தது. ஆண்டவர் மேல் வந்தது. நேராகக் கேட்டேன். உம்முடைய ஜனம் ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொண்டுபோகிறது, உம்முடைய பெயரே தெரியாத வீடு எனக்காகக் கடுகு தாளிக்காமல் கிடக்கிறது. இதை எப்படி நான் மைக்கில் சொல்வது? எந்த வார்த்தையில் சேர்ப்பது? யானையை எங்கே நிறுத்துவது?

தகரம் மட்டும் வெயிலில் சடசடத்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பொருக்கு பாதி உதிர்ந்துவிட்டது. தொண்டைக்குள் மட்டும் இன்னும் புண்.

நாலு மணிக்குக் கி.

"அவுத்தாச்சுங்களா அண்ணா? ஆறு மணிக்குப் பேர் பலகையில எழுதணுமுங்க."

"அவுக்கலை."

"ஆள் இல்லைன்னா நான் வந்து அவுக்கறேனுங்க."

"இத்தனை நாளா வராதவன் இதுக்கு வாரியா? என் கேட்டுல கை வெச்சுப் பாரு கிருபாகரா. அன்னைக்கு ஜெனரேட்டரை ஓட்டுன கை இது."

"ஜெனரேட்டரை ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன்தானுங்களே ஓட்டுனாரு."

"நீ மயக்கத்துல இருந்தே."

அப்புறம் குரலை மாற்றி, மெதுவாக: "அண்ணா, ஒரு துண்டு வேப்பிலைங்க. அதுக்காக ஏழு வார்த்தையில உங்க பேர் இல்லாமப் போகணுமா? இத்தனை வருஷத்துல உங்க பேர் இல்லாம இருந்ததே இல்லீங்களே."

அவன் சொன்னது நிஜம். ஒரு நிமிஷம், எஸ்தரைக் கூப்பிட்டு அவிழ்த்துவிடச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கீழே வீதியில் அந்தப் பெண், மயிலாத்தாக்காவின் மருமகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள். வெறும் மோர் குடித்து முகம் வெளுத்திருந்தது. எங்கள் கேட்டைத் தாண்டும்போது வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருப்பாள் போல, கை கண்ணுக்குப் போனது மட்டும் தெரிந்தது.

"மூணாம் தண்ணி ஊத்துனதுக்கு அப்பறம் அவுப்பேன். நீயே பேசிக்க." போனை வைத்தேன்.

ஆறு மணிக்குப் போதகர். "உங்களுக்காக ஜெபிக்கிறேன் ஜெயராஜ். நான் வந்து பாத்திருக்கணும்." வந்திருக்க வேண்டும்தான்.

பாடம் எழுதவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

வெயில் மோசம். காலையிலிருந்து உபவாசம். மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம். நோயாளிக்கு உபவாசம் வேண்டாம் என்று எஸ்தர் சண்டை பிடித்தாள். எனக்கா சொல்கிறாய் என்றேன். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அவள் எங்கள் சபைக் கோயிலுக்குப் போய்விட்டாள். போனில் என்னைக் கூப்பிட்டு, அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே எல்லாம் கேட்டது.

முதல் வார்த்தை ஆசிரியர் ஒருவர். சுமார். மூன்றாவது ஒரு பெண், பரவாயில்லை. நாலாம் வார்த்தையைப் போதகர் பேசினார். ஏன் என்று கேட்கிற வார்த்தை. ஒரு இடத்தில் குரல் உடைந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் இன்னும் நன்றாக உடைத்திருப்பேன்.

ஐந்தாவது. கி. தொண்டையைக் கனைத்தான். இது சரீரத் தாகம் அல்ல, ஆத்தும தாகம் என்றான். கோடை காலத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னான். மூன்று தலைப்புகளாகப் பிரித்தான். சரீரத் தாகம் அல்ல, சரீரத் தாகம் அல்ல என்று நாலு தடவை சொன்னான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இந்தத் தகரத்துக்குக் கீழே வந்து சொல்லட்டும். ஆண்டவருக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டியிருக்கும். எச்சில் விழுங்கினால் முள் இறங்கியிருக்கும். எனக்கு இறங்குகிறது, எனக்குத் தெரியும். அவ்வளவு ஜனம் நிற்கிறது, சுற்றி நிற்பவன் எல்லாம் சிரிக்கிறவன், அதில் வாய் திறந்து அவர் கேட்டார். கேட்டார், அதுதான் விஷயம். மோட்டார்க்காரன் நானே இத்தனை நாளாக அந்த வார்த்தையை எழுதி எழுதிக் கிழித்தேன், இது தோன்றவில்லை. யானை யானை என்று அலைந்தேன்.

பானையைச் சாய்த்தேன். காலி. காலையில் நிரப்ப வந்த எஸ்தரை உபவாசம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது நான்தான்.

சுவரோரம் போனேன். நிற்கையில் கண் இருட்டியது. மயிலாத்தாக்கா கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடக் குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"அக்கா."

"ஏனுங்க தம்பி?"

சொல்ல வாய் கூசியது. இதுவரை சொல்லிப் பழகாத வார்த்தை.

"தாகமா இருக்குதுங்க."

"இருங்க, இருங்க. வாரேன் கண்ணு."

கயிற்றை விட்டேன். சொம்பை வாளியில் வைத்துக் கட்டியது. இழுக்கையில் உள்ளங்கைப் பொருக்கு பெயர்ந்து எரிந்தது. பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. மீதியில் இரண்டு வேப்பிலை மிதந்தது. எடுத்துப் போடாமல் குடித்தேன்.

போனில் ஆறாம் வார்த்தை ஆரம்பித்திருந்தார்கள்.